'அழகு காட்டுதல்': ஒரு முகக்குறிப்பு வினையின் பொருளும் வழக்கும்

1. முன்னுரை

தமிழில் முகத்தோடு தொடர்புடைய வினைத்தொடர்கள் மிகப் பல. முகம் மலர்தல், முகம் வாடுதல், முகம் சுளித்தல், முகம் கறுத்தல், முகம் சுண்டுதல், முகம் கோணுதல் என விரியும் இவற்றுள் பெரும்பாலானவற்றின் பொருளை உணர அகராதியின் துணை வேண்டுவதில்லை. மலர்தலும் வாடுதலும் பூவின் இயல்புகள். அவை முகத்தின்மேல் ஏற்றிக் கூறப்படும்போது கேட்போர் எளிதிற் பொருள் கொள்கின்றனர். ஆயின் இவ்வினத்தைச் சார்ந்த தொடர் ஒன்று இப்பொது நெறிக்கு மாறாக நிற்கிறது. அத்தொடரில் முகம் என்னும் சொல்லே இல்லை. அதன் உறுப்புகளைக் கூட்டிப் பெறும் பொருளோ வழக்கிலுள்ள பொருளுக்கு நேர்மாறானது. 'அழகு காட்டுதல்' என்பதே அத்தொடர்.

(1) தம்பி அக்காவுக்கு அழகு காட்டினான்.

இத்தொடரைக் கேட்கும் தமிழ்க் குழந்தை, தம்பி தன் வனப்பை வெளிப்படுத்தினான் என்று ஒருபோதும் கருதாது. அவன் முகத்தைக் கோணலாக்கி, உதட்டைப் பிதுக்கியோ நாக்கை நீட்டியோ அக்காவைப் பழித்தான் என்றே அறியும். தமிழை இரண்டாம் மொழியாகக் கற்றவரும், அகராதியைத் துணைக்கொண்டு மொழிபெயர்ப்பவரும், சொற்களைத் தனித்தனியே நோக்கும் கணினி நிரலும் தடுமாறும் இடம் இதுவே. அழகு என்பதற்கும் காட்டு என்பதற்கும் தனித்தனியே சரியான பொருள் எழுதப்பட்டாலும் தொடரின் பொருள் தவறிவிடுகிறது.

இத்தொடரின் பொருள் எல்லை, தொடரமைப்பு, தோற்றத்திற்கான காரணம், பிற இந்திய மொழிகளில் இதற்கு இணையாக வழங்குவன, மொழிபெயர்ப்பில் இது எழுப்பும் சிக்கல்கள் ஆகியவற்றை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். அழகு காட்டுதல் என்பது முகத்தில் தோன்றும் உணர்வின் பெயர் அன்று. ஒருவர் மற்றொருவரை நோக்கி வேண்டுமென்றே நிகழ்த்தும் செயலின் பெயர் என்பதும், அவ்வாறு கொண்டால்தான் அதன் இலக்கணமும் மொழிபெயர்ப்பும் தெளிவுறும் என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

2. பொருள் எல்லை

அழகு காட்டுதலில் மூன்று கூறுகள் இன்றியமையாதவை. முதலாவது, முகத்தை அதன் இயல்பான நிலையிலிருந்து மாற்றுதல். இரண்டாவது, அம்மாற்றத்தைக் காண ஒருவர் இருத்தல். மூன்றாவது, காண்பவரைக் கேலி செய்யும் நோக்கம். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் இச்சொல் பொருந்தாது.

கசப்பு மருந்தைக் குடித்தவன் முகத்தைச் சுளிக்கிறான். அங்கே முகமாற்றம் உண்டு, கேலி இல்லை. எனவே அவன் அழகு காட்டினான் என்று யாரும் கூறார். கோமாளி மேடையில் முகத்தைப் பலவாறு கோணலாக்கி அவையோரைச் சிரிக்க வைக்கிறான். அங்கே முகமாற்றமும் உண்டு, காண்போரும் உண்டு. ஆயினும் காண்போர் கேலிக்குள்ளாவதில்லை. அதனைச் சேட்டை செய்தல், கோணங்கித்தனம் செய்தல் என்று கூறுவதே வழக்கு. தாய் கைக்குழந்தையின் முன் கண்ணை உருட்டி வாயைக் குவித்துக் காட்டுவது விளையாட்டுக் காட்டுதல் ஆகுமேயன்றி அழகு காட்டுதல் ஆகாது.

இத்தொடருக்கு மற்றொரு விரிபொருளும் உண்டு. ஒருவரின் பேச்சையோ நடையையோ அவர் முன்னிலையிலேயே மிகைப்படுத்திச் செய்துகாட்டிக் கேலி செய்வதும் அழகு காட்டுதல் எனப்படும்.

(2) பாட்டி பேசுவதைப் போலவே பேசி அழகு காட்டினாள்.

இங்கு முகமாற்றம் பின்தள்ளப்பட்டுப் போலச் செய்தல் முன்னிற்கிறது. எனினும் காண்பவரைப் பழிக்கும் நோக்கம் மாறாமல் இருத்தலின் இரு பொருளும் ஒரே சொல்லுக்குள் அடங்குகின்றன.

இச்சொல்லின் இயல்பான களம் குழந்தைகளின் உலகம். உடன்பிறந்தோர், வகுப்புத் தோழர், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஆகியோரிடையே இது சண்டைக்கும் விளையாட்டுக்கும் இடைப்பட்ட ஒரு செயல். வளர்ந்தோரிடையே கணவன் மனைவி, மைத்துனன் மைத்துனி, நெருங்கிய தோழியர் போன்ற கேலி உரிமை உடைய உறவுகளில் இது செல்லமான செயலாகக் கொள்ளப்படும். பெரியவரை நோக்கிச் சிறியவர் அழகு காட்டினால் அது மரியாதைக் குறைவு. முன்பின் அறியாத பெண்ணை நோக்கி ஓர் ஆடவன் அழகு காட்டினால் அது இழிசெயல். சொல் ஒன்றே, செய்பவர், காண்பவர் ஆகியோரின் வயதும் உறவும் அதன் கடுமையை உறுதி செய்கின்றன. மொழிபெயர்ப்பாளர் முதலில் நோக்க வேண்டுவது இதனையே.

3. மெய்ப்பாடும் அழகு காட்டுதலும்

முகக்குறிப்புப் பற்றிய தமிழ்ச் சிந்தனையின் தொடக்கம் தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயலாகிய மெய்ப்பாட்டியல். உள்ளத்தில் நிகழும் உணர்வு உடலின்வழிப் புறத்தார்க்குப் புலப்படுதலே மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகள் எட்டு. ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு நிலைக்களன்கள் கூறப்பட்டுள்ளன. வடமொழி நாட்டிய சாத்திரமும் நிலைத்த உணர்வுகளை எட்டாகவே வகுக்கிறது.

இவ்வெட்டனுள் அழகு காட்டுதலை எங்கு வைப்பது என்பது எண்ணத்தக்க வினா. நகைக்குரிய நிலைக்களன்களுள் எள்ளலும் இளமையும் இடம்பெறுகின்றன. எள்ளல் என்பது இகழ்ச்சி. இளமை என்பது பிள்ளைத்தன்மை. அழகு காட்டுதலில் இவ்விரண்டும் ஒருங்கே அமைந்துள்ளன. இளமை உடையார் எள்ளும் எள்ளலே அழகு காட்டுதல் எனக் கூறலாம். ஆயினும் அதனை மெய்ப்பாடு எனக் கொள்வது பொருந்தாது. மெய்ப்பாட்டில் உணர்வு முந்தியது. முகம் அதனைத் தொடர்ந்து தானே மாறுவது. அழகு காட்டுதலில் நோக்கம் முந்தியது. முகம் அந்நோக்கத்திற்குக் கருவியாக மாற்றப்படுவது. அழகு காட்டும் சிறுவனின் உள்ளத்தில் சினம் இருக்கலாம், மகிழ்ச்சி இருக்கலாம், பொறாமையும் இருக்கலாம். கோணலாக்கிய அவன் முகத்தைக் கொண்டு அவற்றுள் எது உள்ளது என்று துணிய இயலாது.

இவ்வேறுபாட்டை இக்கால நடத்தையியலும் ஏற்கிறது. சார்லஸ் டார்வின் 1872இல் மனிதரிடத்தும் விலங்குகளிடத்தும் உணர்வு வெளிப்படும் முறை பற்றி நூல் எழுதியது முதல், முகக்குறிப்பு ஆய்வின் பெரும்பகுதி தானே தோன்றும் வெளிப்பாடுகளையே சார்ந்திருந்தது. 1969இல் பால் எக்மன், வாலஸ் ஃப்ரீசன் ஆகிய இருவரும் சொல்லின்றி நிகழும் நடத்தைகளை ஐவகையாகப் பகுத்தபோது, உணர்வு வெளிப்பாட்டை ஒரு வகையாகவும், ஒரு சமுதாயத்தார் அனைவரும் பொருள் அறிந்து வேண்டுமென்றே பயன்படுத்தும் அடையாளச் சைகையைப் பிறிதொரு வகையாகவும் கொண்டனர். தலையசைத்து உடன்பாட்டைத் தெரிவித்தல் அடையாளச் சைகை. அச்சத்தில் முகம் வெளிறுதல் உணர்வு வெளிப்பாடு. அழகு காட்டுதல் முகத்தில் நிகழ்ந்தாலும் அடையாளச் சைகையின் பாற்படும். சொல்லால் ஏசுவதற்கு மாற்றாக முகத்தால் ஏசுவதே அது.

4. தொடரமைப்பு

அழகு காட்டு என்பது பெயரும் வினையும் சேர்ந்து ஒரு வினையாக இயங்கும் கூட்டுவினை. இதனைச் சில சோதனைகளால் நிறுவலாம். வழக்கில் ஏற்கப்படாத, அல்லது கேலிப்பொருளை இழந்துவிடும் தொடர்கள் கீழே உடுக்குறியிட்டுக் காட்டப்படுகின்றன.

முதலாவதாக, அழகு என்னும் பெயர் இத்தொடரில் இரண்டாம் வேற்றுமை உருபை ஏற்பதில்லை.

(3) அவன் எனக்கு அழகு காட்டினான்.
(4) *அவன் எனக்கு அழகைக் காட்டினான்.

(4) தன்னளவில் பிழையான தொடர் அன்று. ஓவியத்தின் அழகையோ மலையின் அழகையோ காட்டினான் என்னும் நேர்பொருளை அது தரும். ஐ உருபு ஏறியவுடன் கூட்டுவினை பிரிந்து அழகு செயப்படுபொருளாகிவிடுகிறது.

இரண்டாவதாக, அழகு என்பது அடை ஏற்பதில்லை. 'பெரிய அழகு காட்டினான்', 'மோசமான அழகு காட்டினான்' என்பன வழக்கில் இல்லை. மிகுதியைக் குறிக்க வேண்டின் 'விடாமல் அழகு காட்டினான்', 'திரும்பத் திரும்ப அழகு காட்டினான்' என வினையடைகளே வரும்.

மூன்றாவதாக, பெயரை வினையின் பின்னே மாற்றிப் பெயரெச்சத் தொடராக்க இயலாது.

(5) *அவன் எனக்குக் காட்டிய அழகு

என்பது பழிப்புப் பொருளைத் தருவதில்லை. ஆயின் 'எனக்கு அழகு காட்டிய பையன்' என்று வினைமுதலைத் தலைமையாக்குவது இயல்பே. பெயர் நகர இயலாது. வினைமுதல் நகரலாம் என்பது இதனாற் பெறப்படும்.

நான்காவதாக, இடைச்சொற்கள் இரண்டிற்கும் நடுவே நுழையலாம். 'நாக்கையும் நீட்டினான், அழகும் காட்டினான்' என உம்மை வருகிறது. 'எனக்கே அழகு காட்டுகிறாயா' என வினாவும் தேற்றமும் தொடர்கின்றன. எனவே இது முற்றிலும் இறுகிய ஒரு சொல் அன்று. இறுகும் நிலையிலுள்ள கூட்டுவினை என்பதே பொருந்தும்.

ஐந்தாவதாக, கேலிக்கு உள்ளாகும் ஆள் நான்காம் வேற்றுமையிலோ, 'பார்த்து' என்னும் வினையெச்சத்தோடு கூடிய இரண்டாம் வேற்றுமையிலோ வருவர். 'அக்காவுக்கு அழகு காட்டினான்', 'அக்காவைப் பார்த்து அழகு காட்டினான்' என இரண்டும் வழங்குகின்றன. 'அக்காவை அழகு காட்டினான்' என்பது வழக்கன்று. கேலி செய், பழி, எள்ளு ஆகிய வினைகள் ஆளை இரண்டாம் வேற்றுமையில் ஏற்க, அழகு காட்டு மட்டும் நான்காம் வேற்றுமையை வேண்டுவதற்குக் காட்டு என்னும் வினையே காரணம். காட்டுதல் என்பது ஒருவருக்குக் காட்டுதல்.

ஆறாவதாக, நோக்கமின்மையைக் குறிக்கும் அடைகள் இதனோடு சேர்வதில்லை. 'அவனையறியாமல் முகம் சுளித்தான்' என்பது இயல்பு. 'அவனையறியாமல் அழகு காட்டினான்' என்பது பொருந்தாது. மேற்பகுதியில் கூறிய மெய்ப்பாட்டு வேறுபாடு இலக்கணத்திலும் இவ்வாறு வெளிப்படுகிறது.

இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. 'அழகாகக் காட்டினான்' என்பது நன்றாகக் காட்டினான் எனப் பொருள்படும். பேச்சில் அது 'அழகா காட்டினான்' எனக் குறைந்து ஒலிக்கும். 'அழகு காட்டினான்' என்பதற்கும் 'அழகா காட்டினான்' என்பதற்கும் இடையே ஓர் உயிரொலியே வேறுபாடு. ஒலிப்பதிவிலிருந்து பேச்சுத் தமிழை எழுத்தாக்குவோர் இதிற் கருத்தூன்றாவிடின் பொருள் தலைகீழாகும்.

5. அழகு பழிப்பானது எவ்வாறு

நற்பொருட்சொல் ஒன்று எதிர்ப்பொருளில் வழங்குவது தமிழுக்குப் புதிதன்று. நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தார். கரிய ஆட்டை வெள்ளாடு என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் மங்கல வழக்கிற்கு உரையாசிரியர்கள் காட்டுவன. ஆயின் அழகு காட்டுதலை மங்கலம் எனக் கொள்ள இயலாது. மங்கல வழக்கு, சொல்லத்தகாத ஒன்றை மறைத்து மென்மையாக்குவது. அழகு காட்டுதலில் மறைப்பு இல்லை, கேலியே உண்டு. தண்டியலங்காரம் இலேச அணியின் வகையாகக் கூறும் புகழ்வது போலப் பழித்தலோடுதான் இது உறவுடையது.

இன்றைய பேச்சிலும் அழகு, லட்சணம் ஆகிய சொற்கள் இவ்வகையில் பெருவழக்காக உள்ளன. வேலையைக் கெடுத்தவனிடம் 'நீ வேலை செய்யும் அழகு இதுதானா' என்று கேட்பதும், தேர்வில் தவறியவனைப் பற்றி 'அவன் படிக்கிற லட்சணம் தெரியாதா' என்று கூறுவதும் இதற்குச் சான்று. இவ்விடங்களில் அழகு என்பது அழகின்மையைச் சுட்டுகிறது.

இத்தொடரின் தோற்றத்திற்கு இரு விளக்கங்கள் கூறத்தக்கன. செய்பவன் தன் கோணல் முகத்தை அழகென்று கூறிக் காட்டுகிறான் என்பது ஒன்று. காண்பவரின் முகம் இத்தகையது என்று அவருக்கே கண்ணாடி போலக் காட்டுகிறான் என்பது மற்றொன்று. முதல் விளக்கத்தில் அழகு காட்டுபவனுடையது, இரண்டாவதில் காண்பவருடையது. 'இதுதான் உன் அழகு' என்பதே இரண்டாம் விளக்கத்தின் சாரம். பிறரின் பேச்சையும் நடையையும் போலச் செய்து கேலி செய்தலையும் இத்தொடர் குறிப்பது, இரண்டாம் விளக்கத்திற்கு வலிமை சேர்க்கிறது. போலச் செய்பவன் காட்டுவது தன்னுடைய அழகையன்று, பிறருடைய அழகையே. இரு விளக்கங்களும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல; எதிர்ப்பொருள் குறிப்பு இரண்டிற்கும் பொது.

காட்டு என்னும் வினையின் பங்கும் சிறிதன்று. போக்குக் காட்டு, பூச்சாண்டி காட்டு, தண்ணீர் காட்டு முதலிய கூட்டுவினைகளிலும் காட்டு என்பது ஒரு பொருளைக் கண்ணுக்குப் புலப்படுத்துதல் என்னும் நேர்பொருளிலிருந்து விலகி நிற்கிறது. எதிரில் உள்ளவரை மருட்டவோ ஏய்க்கவோ சீண்டவோ ஒன்றை நிகழ்த்துதல் என்பதே இவற்றின் பொதுப்பொருள். அழகு காட்டு இக்குடும்பத்தைச் சேர்ந்தது.

6. தமிழுக்குள் இணைச்சொற்கள்

இச்செயலைக் குறிக்கத் தமிழ்நாட்டில் வேறு தொடர்களும் வழங்குகின்றன. பழிப்புக் காட்டுதல் என்பது பொதுவழக்கு, எழுத்திலும் பயில்வது. ஒழுங்கு காட்டுதல், வலிச்சம் காட்டுதல் என்பன வட்டார வழக்குகள். நான்கிலும் காட்டு என்னும் வினை மாறவில்லை; பெயரே மாறுகிறது.

இப்பெயர்கள் மூன்று வகையிற் பொருள் தருகின்றன. பழிப்பு என்பது செயலின் நோக்கத்தை நேரே கூறுகிறது. வலிச்சம் என்பது செயலின் வடிவத்தைக் கூறுகிறது. வலித்தல் என்பதற்கு இழுத்தல் என்னும் பொருள் உண்டாதலின், முகத்தை ஒருபுறம் இழுத்தலோடு இதனைத் தொடர்புபடுத்தலாம். அழகு, ஒழுங்கு ஆகிய இரண்டும் நோக்கத்தையும் கூறாமல் வடிவத்தையும் கூறாமல் எதிர்ப்பொருளால் உணர்த்துகின்றன. அழகுக்குப் பக்கத்தில் ஒழுங்கு என்னும் மற்றொரு நற்பொருட்சொல்லும் அதே இடத்தில் வந்து அமர்ந்திருப்பது, எதிர்ப்பொருள் குறிப்பே இத்தொடர்களை உருவாக்கிய ஆற்றல் என்பதைக் காட்டுகிறது.

7. பிற இந்திய மொழிகளில்

மலையாளத்தில் இச்செயல் கொஞ்ஞனம் காட்டுக, கொஞ்ஞனம் குத்துக எனப்படும். முன்னதில் தமிழைப் போலவே காட்டு என்னும் வினை உள்ளது. கோஷ்டி என்னும் சொல்லும் மலையாளத்தில் முகத்தாலோ உடலாலோ செய்யும் சேட்டையைக் குறிக்கும். தமிழில் கோஷ்டி என்பது கூட்டம், பிரிவு எனப் பொருள்படுவதால், மலையாளத்திலிருந்து தமிழாக்குவோர் ஒலியொப்புமை கண்டு ஏமாறும் இடங்களுள் இதுவும் ஒன்று.

கன்னடத்தில் அணகிசு என்னும் வினையும் தெலுங்கில் வெக்கிரிஞ்சு என்னும் வினையும் வழங்குகின்றன. இவை தனிவினைகள், முகத்தால் பழித்தல், போலச் செய்து பழித்தல் ஆகிய இரு பொருளையும் தமிழைப் போலவே ஒருங்கே தருவன. கன்னடச் சொல் மேலும் ஒரு படி வளர்ந்துள்ளது. எதிர்ப்புப் போராட்டங்களில் நடத்தப்பெறும் போலிச் சவ ஊர்வலத்தைக் கன்னட நாளிதழ்கள் அணகு சவயாத்திரை என்று எழுதுகின்றன. முகத்தால் பழித்தல் போலச் செய்தலாகவும், போலச் செய்தல் போலிமையாகவும் பொருள் விரிந்த முறையை இங்குக் காணலாம். தமிழ்ச் சொல் இரண்டாம் படியோடு நின்றுவிட்டது.

இந்தியில் முஹ் சிடானா என்பர். முஹ் என்பது வாயையும் முகத்தையும் குறிக்கும். சிடானா என்பது எரிச்சலூட்டுதல். முகத்தால் எரிச்சலூட்டுதல் எனச் செயலின் விளைவை இந்தி முன்னிறுத்துகிறது. முஹ் பனானா என்பது இதனின் வேறானது. அது பிடிக்காமையால் முகத்தைச் சுளித்தலைக் குறிக்கும். ஆங்கிலத்திலும் இதனையொத்த வேறுபாடு உண்டு. 'மேக் எ ஃபேஸ்' என ஒருமையில் வருவது பெரும்பாலும் முகம் சுளித்தல். 'மேக் ஃபேசஸ் அட்' எனப் பன்மையில் ஓர் ஆளை நோக்கி வருவது அழகு காட்டுதல். மராத்தியில் வாகுல்யா தாகவணே என்பதில் காட்டுதல் என்னும் பொருளுடைய வினையே அமைந்துள்ளது. வங்காளத்தில் பேங்சி காட்டா என்பர். இதன் ஈற்றிலுள்ள வினை தமிழ்க் காட்டு போல ஒலித்தாலும் வெட்டுதல் என்னும் பொருளுடையது.

காட்டுதல், குத்துதல், எரிச்சலூட்டுதல், வெட்டுதல் என மொழிதோறும் வினை வேறுபடுகிறது. நற்பொருட்பெயர் ஒன்றை நிறுத்தி எதிர்ப்பொருள் கொள்ளும் முறை மேற்கூறிய பிறமொழித் தொடர்களில் இல்லை. அது தமிழ்த் தொடரின் தனித்தன்மை.

8. மொழிபெயர்ப்பில் எழும் சிக்கல்கள்

முதற்சிக்கல், தொடரைப் பிரித்துப் பொருள் கொள்வது. 'அவள் கதவோரம் நின்று அழகு காட்டினாள்' என்னும் கதை வரியில் ஆள் குறிக்கப்படவில்லை. காதற்காட்சி என்று மயங்கி அவள் தன் எழிலை வெளிப்படுத்தினாள் என மொழிபெயர்ப்பின், குறும்புக்காரச் சிறுமி ஒருத்தி மயக்கும் பெண்ணாக மாறிவிடுவாள். முன்பின் வரும் தொடர்களில் கேலிக்குரிய ஆள் உள்ளாரா எனத் தேடிய பின்னரே பொருள் துணிய வேண்டும்.

இரண்டாம் சிக்கல், சொல்லின் நிலை பற்றியது. மலையாளத்தில் கொஞ்ஞனம் குத்துக என்பது நாளிதழ்த் தலையங்கத்திலும் இடம்பெறும். சட்டத்தை நோக்கிக் கொஞ்ஞனம் குத்துகிறார்கள் என்று எழுதுவது அங்கு இயல்பு. அதனைச் 'சட்டத்துக்கு அழகு காட்டுகிறார்கள்' என்று தமிழாக்கினால் குழந்தைப் பேச்சாகி நகைப்புக்கு இடமாகும். 'சட்டத்தைக் கேலிக்கூத்தாக்குகிறார்கள்', 'சட்டத்தை எள்ளி நகையாடுகிறார்கள்' என்பனவே தமிழ் மரபு. இந்தி நாளிதழ்களில் உடைந்த சாலைகள் வளர்ச்சியைப் பார்த்து முஹ் சிடானா செய்கின்றன என்ற வகையில் எழுதுவர். அஃறிணைப் பொருள் தன் சீர்கேட்டால் ஒரு கூற்றைப் பொய்யாக்குகிறது என்பதே கருத்து. இதற்குத் தமிழில் பல்லிளித்தல் என்னும் வேறொரு முகவினை ஆயத்தமாக உள்ளது. 'சாலைகள் பல்லிளிக்கின்றன' என்றால் தமிழ் வாசகர் உடனே உணர்வர். சொல்லுக்குச் சொல் தேடுவதை விடுத்து, மூலத்தில் அச்சொல் ஆற்றும் பணிக்கு எச்சொல் பொருந்தும் எனத் தேடுவதன் பயனை இவ்விரு எடுத்துக்காட்டுகளும் உணர்த்தும்.

மூன்றாம் சிக்கல், இலக்கியத்திற்கு வெளியே, சட்டத்துறையில் எழுவது. பெண்ணின் நாணத்தை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு கூறும் சொல்லையும் செய்யும் சைகையையும் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 509ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 79ஆம் பிரிவாக அமைந்துள்ளது. இப்பிரிவில் நோக்கமே அடிப்படை. கீழமை நீதிமன்றத்தில் சாட்சி ஒருவர், 'அவர் என்னைப் பார்த்து அழகு காட்டினார்' என்று கூறுவதாகக் கொள்வோம். அச்சாட்சியம் மேல்முறையீட்டிற்காக ஆங்கிலத்தில் பெயர்க்கப்படும்போது, அழகைக் காட்டினார் என்னும் பொருள்பட எழுதினால் சாட்சியமே திரிந்துவிடும். முகம் சுளித்தார் என்னும் பொருள்பட எழுதினால், தன்னைக் குறித்து ஒருவர் செய்த செயல், யாரையும் குறியாத வெறும் உணர்வு வெளிப்பாடாகக் குறைந்துவிடும். ஆபாசச் சைகை செய்தார் என்று எழுதினாலோ சாட்சி கூறாத குற்றம் ஏற்றப்படும். 'என்னை நோக்கிக் கேலியாக முகத்தைக் கோணலாக்கிக் காட்டினார்' என்று, செய்த முறை, நோக்கிய ஆள், கேலி ஆகிய மூன்றையும் விரித்து எழுதுவதே நேர்மையான பெயர்ப்பு. அதன் குற்றத்தன்மையை முடிவு செய்வது நீதிமன்றத்தின் பணி, பெயர்ப்பாளரின் பணியன்று.

9. அகராதிப் பதிவு

இத்தகைய தொடர்களை அகராதியில் எங்கு வைப்பது என்பது அகராதியியலார் பலகாலம் எதிர்கொண்டுவரும் வினா. அழகு என்னும் தலைச்சொல்லின் கீழோ காட்டு என்னும் தலைச்சொல்லின் கீழோ இதனை உட்பொதிந்தால், பொருள் அறியாத பயனர் அதனைத் தேடிச் செல்ல வழியில்லை. இரண்டு சொற்களும் தமக்குத் தெரிந்தவையே என்று அவர் கருதிவிடுவார். 1992இல் முதற்பதிப்பு வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, எடுத்துக்காட்டுத் தொடர்களையும் வட்டார வழக்கு, பேச்சு வழக்கு முதலிய குறிப்புகளையும் தந்து இவ்வகைப் பதிவுகளுக்கு நல்லதொரு நெறியைக் காட்டியது. அந்நெறியை இருமொழி, பன்மொழி அகராதிகளும் பின்பற்றுதல் வேண்டும்.

அழகு காட்டு என்பதற்கான பதிவில் ஐந்து செய்திகள் இடம்பெறுதல் நலம். அவையாவன: தனித் தலைச்சொல்லாகத் தருதல், முகத்தைக் கோணலாக்கிக் கேலி செய்தல், போலச் செய்து கேலி செய்தல் என இரு பொருள் தருதல், ஆள் நான்காம் வேற்றுமையிலோ 'பார்த்து' என்பதோடு கூடியோ வரும் என்னும் இலக்கணக் குறிப்புத் தருதல், குழந்தைகளிடத்தும் கேலி உறவுகளிடத்தும் வழங்குவது என்னும் பயன்பாட்டுக் குறிப்புத் தருதல், அழகைக் காட்டு, அழகாகக் காட்டு என்பவற்றினின்று வேறுபடுத்திக் காட்டுதல். கணினிக்கான சொற்களஞ்சியங்களிலும் இதனை ஒரே அலகாகக் குறியிட்டால் பிழைகள் பெரிதும் குறையும்.

10. முடிவுரை

மெய்ப்பாடு தானே தோன்றுவது. அழகு காட்டுதல் ஒருவர் மற்றொருவரை நோக்கிச் செய்வது. நான்காம் வேற்றுமை ஆளை வேண்டுதலும், நோக்கமின்மை அடைகளை மறுத்தலும், ஐ உருபு ஏற்றவுடன் கேலிப்பொருளை இழத்தலும் இதற்கு இலக்கணச் சான்றுகள். நற்பொருட்சொல்லால் பழிப்பை உணர்த்தும் இதன் அமைப்பு, இங்கு ஒப்பிட்ட பிற இந்திய மொழித் தொடர்களில் காணப்படாதது. இத்தொடரை மொழிபெயர்ப்போர் அழகு என்பதற்கு இணைச்சொல் தேடத் தொடங்கும் முன், யார், யாருக்கு, எவ்வுறவில், எந்நோக்கத்தில் காட்டினார் என்னும் வினாக்களை எழுப்புதல் வேண்டும். அவற்றிற்கான விடைகளே சிறுவனின் குறும்பையும் தோழியின் செல்லக் கேலியையும் வழிப்போக்கனின் இழிசெயலையும் வேறுபடுத்திக் காட்டும்.